பதினொரு மாதங்களும் ஒரு கிளாஸ் சாராயமும்: போதை மீட்சிக்குத் தியானம் வந்த பாதை

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், எழுபதுகளின் பிற்கூற்றில், கொழும்பில் எங்களது ஆசிரியபீடத்தில் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரது பெயரைக் குறிப்பிட நான் விரும்பவில்லை. மொழிபெயர்ப்பில் அவருக்கு நிகரானவர்கள் அன்று மிகச் சிலரே. ரெலிபிரின்டரில் வந்து விழும் ஆங்கிலச் செய்தியைக் கிழித்தெடுத்து, ஒரு தடவை வாசித்துவிட்டு, அடித்தல் திருத்தல் எதுவுமின்றித் தமிழில் எழுதி அச்சுக்கோப்பாளரிடம் அனுப்பக்கூடியவர். இரவுக் கடமை முடிந்ததும் அவர் நேராகச் செல்வது மதுச்சாலைக்கு. சம்பள நாட்களில் அவரது மனைவி அலுவலக வாசலில் வந்து நிற்பதை நாங்கள் எல்லோரும் கண்டும் காணாதவர்களாகக் கடந்து செல்வோம்.

ஒரு வருடம் அவர் குடியை நிறுத்தினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. மாதங்கள் கடந்தன, முகத்தில் தெளிவு வந்தது, மூத்த மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததாகப் பெருமையுடன் சொன்னார். பதினோராவது மாதத்தில் ஊரில் ஒரு செத்தவீட்டுக்குச் சென்றுவிட்டு வந்தவரின் மூச்சில் சாராய வாடை வீசியது. "பதினொரு மாசமும் போச்சுது தம்பி" என்றார். "இவ்வளவு நாள் இருந்துபோட்டு இப்பிடிச் செய்துபோட்டியளே அண்ணை" என்று நான் சொன்னேன். அன்று மாலை அவர் மீண்டும் மதுச்சாலைக்குச் சென்றார். பிறகு நிறுத்தவேயில்லை. ஐம்பது வயதைக் காணாமலே போய்ச் சேர்ந்தார்.

அவர் சொன்னதும் தவறு, நான் சொன்னதும் தவறு என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதை எனக்கு விளங்கவைத்தது அமெரிக்க உளவியலாளர் ஒருவரின் ஆய்வு. அந்த ஆய்வின் பின்னணியைத் தேடிச் சென்றபோது வரலாறு என்னை சியாட்டிலில் இருந்து பம்பாய்க்கும் ரங்கூனுக்கும், அங்கிருந்து நமது கண்டிக்கும் காலிக்கும் அழைத்து வந்தது. அந்தப் பயணத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

அலன் மார்லாட் 1941 ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் பிறந்தவர். தமது வாழ்நாளின் பெரும்பகுதியை சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் குடிப்பழக்கம் பற்றிய ஆராய்ச்சிக்கே செலவிட்டவர். குடிநோயாளி ஒருவரின் உடலில் ஒரு துளி மது பட்டாலே போதும், அதற்குப் பிறகு அவரால் தம்மைக் கட்டுப்படுத்த முடியாது என்ற கருத்தே அக்காலத்தில் பெரும்பாலானவர்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. இதைச் சோதித்துப் பார்க்க மார்லாட்டும் அவரது சகாக்களும் ஒரு பரிசோதனையைச் செய்து 1973 இல் வெளியிட்டார்கள். குடிநோயாளிகள் 32 பேரிடமும் சாதாரணமாகக் குடிப்பவர்கள் 32 பேரிடமும் பானங்களைச் சுவைத்துத் தரம் சொல்லுமாறு கேட்கப்பட்டது. சிலரிடம் அது வொட்கா கலந்த ரொனிக் என்று கூறப்பட்டது. சிலரிடம் வெறும் ரொனிக் என்று கூறப்பட்டது. ஆனால், இரு சாராரிலும் பாதிப்பேருக்குக் கூறப்பட்டதற்கு மாறான பானமே கொடுக்கப்பட்டது. கூடுதலாகக் குடித்தவர்கள் யார்? மது இருக்கிறது என்று நம்பியவர்கள்தான். கிளாஸில் உண்மையில் மது இருந்ததா இல்லையா என்பது அந்த அளவைத் தீர்மானிக்கவில்லை.

இதன் அர்த்தம் குடிநோயாளிகள் அச்சமின்றிக் குடிக்கலாம் என்பதல்ல. முதல் கிளாஸுக்குப் பிறகு நடப்பதை உடல் மாத்திரம் தீர்மானிப்பதில்லை, அந்த மனிதனின் நம்பிக்கைக்கும் அதில் பெரும் பங்கிருக்கிறது என்பதே அதன் அர்த்தம். மார்லாட் இந்தச் சிந்தனையை மேலும் வளர்த்துச் சென்றார். ஜூடித் கோர்டனுடன் சேர்ந்து 1985 இல் அவர் வெளியிட்ட நூல் மீள்வீழ்ச்சியைத் தடுக்கும் சிகிச்சைமுறைக்கு அடிப்படையாக அமைந்தது. சறுக்கல் வேறு, வீழ்ச்சி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பல மாதங்கள் விலகியிருந்த ஒருவர் ஒரு தடவை குடித்துவிடுவது சறுக்கல். அந்தச் சறுக்கலுக்குப் பிறகு, 'எல்லாம் போய்விட்டது, நான் எதற்கும் உதவாதவன்' என்று எழுகின்ற குற்றவுணர்வும் வெட்கமுமே பெரும்பாலும் அதை வீழ்ச்சியாக மாற்றுகின்றன. அந்த வேதனையை மறப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து மீண்டும் அந்தப் போத்தல்தான்.

இதை வாசித்தபோது எனது நண்பரின் குரல் காதில் ஒலித்தது. பதினொரு மாதங்கள் போய்விடவில்லை. அந்த மாதங்களில் அவர் கற்றுக்கொண்டது அனைத்தும் அவரிடமே இருந்தது. போனது ஒரு மாலைப்பொழுது மாத்திரமே. அதை அவருக்குச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நானும் கணக்கை மூடிவிட்டேன்.

ஆனால், வெட்கம் வேண்டாம் என்று புத்தி சொல்வதால் வெட்கம் போய்விடாது. ஆசை வேண்டாம் என்று சொல்வதால் ஆசையும் போய்விடாது. இரத்த அழுத்தத்துக்காக வைத்தியரின் ஆலோசனையின் பேரில் எழுபதுகளில் தியானம் பழகத் தொடங்கியிருந்த மார்லாட், அந்த இடத்தில்தான் கீழைத்தேயத்தின் பக்கம் திரும்பினார். குடிக்கவேண்டும் என்ற உந்துதலை அவர் கடலலைக்கு ஒப்பிட்டார். அலை எழும், உச்சத்துக்கு வரும், பிறகு தானாகவே தணியும். அதை எதிர்த்து நின்றால் அடித்துச் செல்லும், பணிந்துவிட்டால் மூழ்கடிக்கும். பலகையில் ஏறி நிற்பவனைப் போன்று அதன்மீது நின்று, அது கடந்து போகும் வரை கவனித்துக்கொண்டிருப்பதே மூன்றாவது வழி. தொண்டை வறள்வதை, நெஞ்சு இறுகுவதை, கை துடிப்பதை எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இன்று உலகமெங்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் வழங்கும் பயிற்சியின் சாரம் இதுதான்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பாளி மொழியில் அதன் மூலச்சொல் 'சதி'. சமஸ்கிருத 'ஸ்மிருதி'யின் பாளி வடிவம் அது; நினைவு என்பது நேர்ப்பொருள். நாம் தமிழில் சதி என்றால் விளங்கிக்கொள்ளும் பொருளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்று நிலைநிறுத்தியவர் தோமஸ் றைஸ் டேவிட்ஸ். 1864 இல் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்த இந்த ஆங்கிலேயர் காலியில் நீதிவானாகக் கடமையாற்றியபோது, விகாரை ஒன்றுடன் தொடர்புடைய வழக்கில் யாராலும் வாசிக்க முடியாத ஓர் ஆவணம் சமர்ப்பிக்கப்பட்டதாகவும், அது பாளி மொழியில் எழுதப்பட்டிருந்தது என்று அறிந்து அந்த மொழியைக் கற்கத் தொடங்கியதாகவும் கூறப்படுகிறது. யாத்ராமுல்ல என்ற பிக்குவே அவரது ஆசான். பிற்காலத்தில் மேலதிகாரிகளுடன் முரண்பட்டுச் சேவையில் இருந்து நீக்கப்பட்டு இங்கிலாந்து திரும்பிய றைஸ் டேவிட்ஸ், 1881 இல் பாளி நூற்சங்கத்தை ஆரம்பித்தார். அதே வருடம் வெளியான அவரது மொழிபெயர்ப்பு நூலில் 'சதி'க்கு அவர் கொடுத்த ஆங்கிலச் சொல்லே இன்று வைத்தியசாலைகளிலும் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் புழங்குகிறது.

சொல் கிடைத்துவிட்டது. ஆனால், அது ஏட்டுக்குள்தான் கிடந்தது. அதை மேற்கத்திய வாசகன் தானே செய்து பார்க்கக்கூடிய பயிற்சியாக விளக்கியவர்களில் முக்கியமானவர் கண்டியில் வாழ்ந்த ஞானபோனிக தேரர். ஜேர்மனியில் 1901 ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர் 1936 இல் இலங்கைக்கு வந்து தொடந்துவ தீவுத் துறவிமடத்தில் துறவியானார். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சித் தமது தாயாரையும் இங்கு வரவழைத்துக்கொண்டார். இரண்டாம் உலகயுத்தம் மூண்டதும் ஜேர்மனியர் என்ற காரணத்தினால் பிரிட்டிஷாரால் தியத்தலாவையிலும் பிறகு இந்தியாவின் டேராடூனிலும் தடுத்துவைக்கப்பட்டார். நாஜிகளுக்கு அவர் யூதர். பிரிட்டிஷாருக்கு அவர் ஜேர்மனியர். முட்கம்பி வேலிக்குள் இருந்துகொண்டு பாளி நூல்களை மொழிபெயர்த்தார்.

1952 இல் அவர் ரங்கூன் சென்று மகாசி சயாடோவிடம் தியானம் பயின்றார். திரும்பி வந்து கண்டி உடவத்தகலை வனத்தில் அமைந்த ஆச்சிரமத்தில் வாழ்ந்தார். 1954 இல் கொழும்பில் அவரது ஆங்கில நூல் வெளியானது. மனதில் எழுவதற்கு நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமலும் உடனடியாகச் செயலில் இறங்காமலும் வெறுமனே கவனிப்பது என்ற கருத்தை அதில் அவர் எளிமையாக விளக்கினார். உணர்வுக்கும் செயலுக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டு, அந்த இடைவெளியில்தான் மனிதனின் சுதந்திரம் இருக்கிறது என்பதே அதன் உட்பொருள். குடிப்பழக்கத்துடன் போராடும் ஒருவருக்கு அந்த இடைவெளியின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1994 இல் அவர் காலமானார்.

பர்மாவில் இருந்து இன்னொரு கிளையும் புறப்பட்டது. மார்லாட்டின் ஆய்வுடன் நேரடியாகச் சென்று சேர்ந்தது அந்தக் கிளையே. தியானம் துறவிகளுக்கு மாத்திரம் உரியதல்ல, இல்லறத்தாருக்கும் உரியது என்று ஊர் ஊராகச் சென்று போதித்தவர் லெடி சயாடோ (1846-1923). பிரிட்டிஷார் 1885 இல் மண்டலேயைக் கைப்பற்றி மன்னரை நாடுகடத்திய பிறகு, பௌத்தத்தைக் காப்பாற்றும் பொறுப்பைச் சாதாரண மக்களின் கையில் ஒப்படைக்க வேண்டிய தேவை இருந்தது. லெடியிடம் கற்றவர் சயா தெட் என்ற விவசாயி. அவரிடம் கற்றவர் ஊ பா கின் என்ற அரசாங்க உத்தியோகத்தர். 1948 ஜனவரி 4 ஆம் திகதி பர்மா சுதந்திரமடைந்தபோது அந்நாட்டின் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றவர் அவர். தமது திணைக்களத்து ஊழியர்களுக்கே தியானம் கற்பித்தவர்.

அவரிடம் 1955 இல் ஒரு வர்த்தகர் வந்தார். பெயர் சத்திய நாராயண் கோயங்கா. மண்டலேயில் 1924 இல் பிறந்த மார்வாடி. பர்மா வாழ் இந்துக்களின் சமூகத் தலைவர்களில் ஒருவர். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால், தாங்கமுடியாத ஒற்றைத் தலைவலி அவரை வாட்டியது. அதற்கு மோர்பின் ஊசி தவிர வேறு நிவாரணம் கிடைக்கவில்லை. இப்படியே போனால் நீர் மோர்பினுக்கு அடிமையாகிவிடுவீர் என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று நிபுணர்களைத் தேடிச் சென்றும் பயனில்லை. நண்பர் ஒருவரின் ஆலோசனைப்படி ஊ பா கின்னை அணுகியபோது, தலைவலிக்கு மருந்து தேடி வருபவர் இங்கு வரவேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மைப்படுத்த வருபவருக்கு மாத்திரமே இது, நோய் நீங்கினால் அது கூடக் கிடைக்கும் பயன் என்பதே அவரது நிலைப்பாடு. கோயங்காவுக்கும் தயக்கம் இருந்தது. ஆசாரமான இந்துவாகிய தான் பௌத்தரிடம் சென்று கற்பதா என்று மாதக்கணக்கில் யோசித்தார். இறுதியில் பத்து நாள் பயிற்சியில் அமர்ந்தார். தலைவலியின் பிடி விட்டது, மோர்பின் தேவைப்படவில்லை. தமது வாழ்வின் இந்தத் திருப்பத்தை அவரே பலமுறை எடுத்துக் கூறியிருக்கிறார்.

1969 இல் கோயங்கா இந்தியாவுக்கு வந்து பம்பாயில் முதலாவது பயிற்சி முகாமை நடத்தினார். ஆறு வருடங்களில் விபஸ்ஸனா சிறைக்குள் நுழைந்தது. ராஜஸ்தான் மாநிலத்தின் உள்துறைச் செயலாளராக இருந்த ராம்சிங், தாம் பயிற்சியில் கலந்துகொண்டு பயனைக் கண்ட பிறகு 1975 இல் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் அதற்கு ஏற்பாடு செய்தார். பெரும் திருப்பம் டெல்லி திகார் சிறையில் ஏற்பட்டது. அங்கு சிறைத்துறைத் தலைமை அதிகாரியாகக் கடமையாற்றிய கிரண் பேடியின் காலத்தில், 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் ஒரே நேரத்தில் பத்து நாட்கள் மௌனமாக அமர்ந்தார்கள். அதைப் பற்றி எடுக்கப்பட்ட விவரணப்படம் 1997 இல் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தது.

அதே வருடம் நவம்பரில் சியாட்டிலுக்கு அருகே இருந்த வட புனர்வாழ்வு நிலையம் என்ற குறைந்த பாதுகாப்புச் சிறையில் அதே பத்து நாள் பயிற்சி ஆரம்பிக்கப்பட்டது. அங்கு இருந்தவர்களில் பலர் மதுவினாலும் போதைப்பொருளினாலும் சிறைக்கு வந்தவர்கள். விடுதலையாகி மீண்டும் அதே குற்றத்துக்காக உள்ளே வருபவர்கள். மார்லாட் இருந்ததும் அதே நகரம்தான். அவரும் சாரா போவன் உள்ளிட்ட சகாக்களும் அந்தக் கைதிகளை ஆராய்ந்தார்கள். 2006 இல் முடிவு வெளியானது. விடுதலையாகி மூன்று மாதங்களுக்குப் பிறகு பார்க்கையில், வழமையான ஏற்பாடுகளை மாத்திரம் பெற்றவர்களை விடத் தியானம் பயின்றவர்கள் மது, கஞ்சா, கொக்கெய்ன் பாவனையைக் கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். பயிற்சியில் சேர்ந்தவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள் என்பதும் பலரை விடுதலைக்குப் பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும் அந்த ஆய்வின் குறைகள். ஆய்வு வெளியாகும் முன்னரே, 2002 இல், அந்தச் சிறை மூடப்பட்டுவிட்டது.

எல்லோராலும் பத்து நாட்கள் மௌனமாக அமர முடியாது. எனவே மார்லாட் குழுவினர் வாரத்துக்கு ஒரு தடவையாக எட்டு வாரங்களுக்கு ஒரு பயிற்சியை வகுத்தார்கள். மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஜோன் கபாட்-சின் 1979 இல் மன அழுத்தத்துக்காக ஆரம்பித்த திட்டமே அதன் அமைப்புக்கு முன்மாதிரி. மதச் சடங்கு எதுவும் அதில் இல்லை. எந்த இடத்தில், எந்த மனிதருடன், எந்த மனநிலையில் உந்துதல் எழுகிறது என்பதைக் கவனிப்பது, எழுந்ததும் ஒரு கணம் நின்று மூச்சைப் பார்ப்பது, பிறகு என்ன செய்வது என்று தீர்மானிப்பது. 2011 மார்ச்சில் மார்லாட் காலமான பிறகு அவரது குழுவினர் ஆய்வைத் தொடர்ந்தார்கள். ஆரம்பச் சிகிச்சையை முடித்த 286 பேரை மூன்று பிரிவுகளாக்கி ஒரு வருடம் அவதானித்து 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதங்களில் மார்லாட்டின் பழைய முறையும் தியானம் சேர்ந்த புதிய முறையும் வழமையான சிகிச்சையை விட நல்ல பலனைத் தந்தன. பன்னிரண்டாவது மாதத்தில் தியானம் பயின்றவர்கள் போதைப்பொருளைப் பாவித்த நாட்கள் மற்றையவர்களை விடக் குறைவாக இருந்தன.

அதற்காக இதை ஓர் அற்புத மருந்து என்று சொல்வதற்கில்லை. இத்தகைய 40 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2021 இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, கிடைத்திருக்கும் சான்றுகள் இன்னமும் உறுதியானவையல்ல என்றே முடிவுக்கு வந்தது. தமிழ் வாசகர்களுக்கு வேறு இரு எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டியது எனது கடமை. நெடுங்காலம் கடுமையாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிராபத்தும் நேரலாம். அந்தக் கட்டத்தில் அவருக்குத் தேவை வைத்தியரே தவிர, தியான ஆசிரியர் அல்ல. ஹெரோயினுக்கு அடிமையானவர்களை மரணத்தில் இருந்து காப்பாற்றும் மெதடோன், புப்ரெனோர்பின் போன்ற மருந்துகளுக்கும் தியானம் மாற்றாக முடியாது. அடுத்து, கண்ணை மூடியதும் ஷெல் வீழ்ந்த சத்தம் கேட்கும் மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தனியே அமர்த்தி உள்ளே பார் என்று சொல்வது ஆபத்தாக முடியலாம். கண்ணைத் திறந்துகொண்டோ நடந்துகொண்டோ, அனுபவமுள்ள ஒருவரின் துணையுடனேயே அவர்கள் தொடங்க வேண்டும்.

பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கைத் தமிழரில் பலருக்கு நினைவுக்கு வருவது தியானமல்ல. அரசியலமைப்பும் சீருடையும் நமது ஊர்களில் புதிதாக எழும் விகாரைகளுமே. அந்தக் கசப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனால், ஓர் அரசு ஒரு மதத்துக்குச் செய்ததை அந்த மதம் மனித மனதைப் பற்றிக் கண்டறிந்ததுடன் சேர்த்து வீசிவிட வேண்டியதில்லை. மணிமேகலையைத் தந்த மொழி இது. பாளி உலகம் இன்றும் மதிக்கும் புத்ததத்தர் சோழநாட்டவர். கோயங்கா தமது இந்துத்துவத் தயக்கத்தைத் தாண்டி வந்ததைப் போன்று நாமும் நமது தயக்கத்தைத் தாண்டலாம்.

யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் மதுவும் ஹெரோயினும் 'ஐஸ்' என்ற புதிய நஞ்சும் எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கின்றன என்பதை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பனிகொட்டும் நகரங்களில் இரட்டை வேலைக்குப் பிறகு தனியே குடிப்பவர்களைப் பற்றிப் புலம்பெயர்ந்தவர்களுக்கும் சொல்லவேண்டியதில்லை. தியானம் பயில்வதா இல்லையா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். ஆனால், அவர்களுக்கு அருகில் இருக்கும் நாம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். உந்துதலை வெறுக்காமல் கவனிக்கும்படி அவர்களிடம் கேட்கிறோம் என்றால், சறுக்கியவரை வெறுக்காமல் பார்க்க நாமும் பழகவேண்டும்.

நாற்பது வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. அந்த மாலை மீண்டும் வருமானால் நான் அவரிடம் வேறு விதமாகப் பேசுவேன். "பதினொரு மாசமும் ஒரு இடமும் போகேல்லை அண்ணை, உங்களோடைதான் இருக்குது. வாங்கோ, இண்டைக்கு நான் உங்களை வீட்டை கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்வேன்.